யாம் வீணை வாங்கிய வரலாறு

எம் தங்கைக்கு ஒரு வீணை வேண்டியிருந்தது. இவ்வொரு வரியில் அடங்கும் செய்தி, சென்ற கோடை விடுமுறை முழுவதையும் விழுங்கிவிட்டது.

அவள் திருவையாற்றில் ஓர் அம்மையாரிடம் நான்காண்டுகளாக வீணை பயில்கின்றாள். எம் இல்லத்தில் கருவி இன்மையால், ஏனைய மாணவியர் எழுந்து சென்றபின் ஆசிரியையின் வீட்டில் எஞ்சும் அரைமணி நேரமே அவளுக்குரிய பயிற்சிப் பொழுது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் எம்மூர் அரசு இசைக் கல்லூரியிற் சேரவேண்டும் என்பது அவள் அவா. "அரைமணிப் பயிற்சிக்கு அக்கதவு திறவாது, தம்பி" என்று அம்மையார் ஒருநாள் எம்மைத் தனியே அழைத்துச் சொன்னார். கிறித்தவர் வீட்டில் வீணை எதற்கு என்று வினவிய உறவினரும் உளர். எந்தையார் அவர்க்குத் தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் பெயரைச் சொல்லி வாயடைப்பார். 1917-ஆம் ஆண்டில் 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசைப் பெருநூலை வெளியிட்டவர் நம்மவரே யல்லரோ?

வாயடைத்தல் எளிது, பணம் திரட்டுதல் அரிது. எந்தையார் சிறுகச் சிறுகச் சேர்த்தது 25,000 ரூபாய். புதிய ஏகாண்ட வீணையோ அத்தொகைக்கு எட்டாத உயரத்தில் நின்றது. வீணையறியா நண்பர்க்கு ஒரு சொல்: குடமும் தண்டியும் ஒரே பலாமரத்திற் குடைந்து எடுக்கப்படுவது ஏகாண்டம், தனித்தனியே செய்து பொருத்தப்படுவது ஒட்டு வீணை. முன்னதற்குப் பெருமரம் வேண்டும். அம்மரத்தின் பெரும்பகுதி சீவலாகவே கழியும். விலை ஏறுவதற்குக் காரணம் அதுவே.

ஆதலின் யாம் பழையதொன்றைத் தேடத் தொடங்கினோம். முற்காலத்தில் இத்தேடலுக்கு வீதி வீதியாய் நடக்கவேண்டும். இக்காலத்தில் கைப்பேசியைத் தடவினாற் போதும். பழம்பொருள் விற்கும் இணையச் சந்தை ஒன்றில், மூன்றாம் நாள் இரவே எம் கண் ஒரு விளம்பரத்திற் சிக்கியது. "தஞ்சாவூர் ஏகாண்ட வீணை, அறுபதாண்டுப் பழமை, பாட்டியார் வாசித்தது, உண்மையான யானைத்தந்த வேலைப்பாடு, விலை 22,000 ரூபாய்." யாளிமுகம் படத்தில் எம்மை நோக்கிச் சிரித்தது. விற்பவர்க்கு எழுதினோம். வேறு இருவர் கேட்டிருப்பதாகவும், மாலைக்குள் 2,000 ரூபாய் முன்பணம் அனுப்பினால் எமக்கே ஒதுக்கி வைப்பதாகவும் விடை வந்தது. யாம் எந்தையாரைக் கேளாமலே அனுப்பிவிட்டோம். தமிழிலக்கியம் பயில்வோர்க்குப் 'பாட்டியார் வாசித்தது' என்னும் தொடர் எத்துணை நஞ்சு என்பதை அப்போது யாம் அறிந்திலோம்.

மறுநாள் அம்மையாரிடம் படங்களைப் பெருமையோடு காட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் நோக்கினார். "எல்லாம் முன்புறமாகவே இருக்கின்றதே, தம்பி! முதுகைக் காட்டும் படம் எங்கே?" என்றார். பின்னர், "யானைத்தந்தம் என்று எழுதியிருக்கின்றானே, அது மெய்யானால் விற்பதே குற்றம். பொய்யானால் மற்றவை மட்டும் எப்படி மெய்யாகும்?" என்றார். அவர் சொன்னது சட்டத்திற்கும் ஒத்ததே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1986, 1991-ஆம் ஆண்டுகளில் அதற்கு வந்த திருத்தங்களும் தந்த வாணிகத்தை அடியோடு தடுத்துவிட்டன. இக்காலத்து வீணைகளில் வெண்மையாய் மிளிர்வது பெரும்பாலும் பிளாஸ்டிக்கே.

அம்மையார் தந்த குறிப்பைக் கொண்டு, தஞ்சையில் வீணை செய்யும் முதிய ஆசாரி ஒருவரைக் காணப் புறப்பட்டோம். காவிரி முதல் வடவாறு ஈறாக ஐந்து ஆறுகளையும் பேருந்து கடந்துகொண்டிருந்தது. எம் மனமோ 2,000 ரூபாயைக் கடக்கவில்லை.

ஆசாரியின் பட்டறை சிறியது. பலாச்சீவல் கணுக்கால் அளவு கிடந்தது. புதிதாய் அறுத்த பலா மஞ்சள் நிறமாய் இருந்தது. சுவரோரம் சாய்த்திருந்த பழங்குடம் ஒன்று கருஞ்செம்மை ஏறி நின்றது. "பலா வயதாக வயதாகக் கறுக்கும், தம்பி. மேற்பூச்சுத் தேய்ந்த இடத்தைப் பாருங்கள். அறுபது வயது என்று சொல்லிவிட்டு, தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தால், வயதைச் சொன்னவன் பொய்யன்" என்றார். பின்பு ஒரு வீணையைக் குப்புறக் கிடத்தி, எம் விரலைப் பற்றிக் குடத்திலிருந்து தண்டிக்கு இழுத்துச் சென்றார். மரத்தின் வரிகள் ஆற்றொழுக்குப்போல் முறியாமல் ஓடின. "இது ஏகாண்டம்." மற்றொன்றில் அவ்வரிகள் குடத்தின் கழுத்தில் நின்றுவிட்டன, அவ்விடத்தை ஒரு பூவேலைப் பட்டை மூடியிருந்தது. "பட்டை அழகுக்கு. மூட்டை மறைக்கவும் உதவும்" என்று சிரித்தார். மேற்பலகை தனியே இருத்தல் கண்டு ஐயுறவேண்டா என்றும் சொன்னார். குடைந்ததை மூடப் பலகை வேண்டுமன்றோ? ஏகாண்டத்திற்கும் அஃது உண்டு, சுரைக்காயும் தனியே.

மெட்டுக்களையும் காட்டினார். தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்திலேயே வீணைக்கு 24 மெட்டுக்கள் நிலைபெற்றன என்பர். நெடுங்காலம் வாசித்த வீணையின் மெட்டில் தந்தியின் தடம் பள்ளமாய் விழுந்திருக்கும். அல்லது மெட்டே மாற்றப்பட்டிருக்கும். மெட்டுக்களைத் தாங்குவது கரி கலந்த மெழுகு. சித்திரை வெயிலில் சுமையுந்தில் வரும் வீணையின் மெழுகு இளகி, மெட்டுக்கள் இடம்பெயரும். மீண்டும் மேளங்கட்ட வேண்டும். ஆதலின் பழைய வீணையின் விலையோடு மேளங்கட்டும் கூலியையும் கூட்டிக்கொள்க என்பது அவர் கணக்கு. இதனை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

யாம் படித்ததை ஆங்குக் காட்டிக்கொள்ளும் ஆசையால், "தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளதே, ஐயா, அதைக் கேட்டால் போலி ஒழியாதா?" என்றோம். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அக்குறியீட்டைப் பொய்யாய் வழங்குவோர்க்குச் சிறையும் உண்டு. ஆசாரி தலையசைத்தார். "ஊர்ப்பெயரை அது காக்கும். நான் செய்யும் ஒட்டும் தஞ்சாவூர் வீணைதான், ஏகாண்டமும் தஞ்சாவூர் வீணைதான். எது எது என்று உங்கள் கண்தான் பார்க்கவேண்டும்." எம் படிப்பு அவ்வளவில் அடங்கியது.

அன்றிரவே விற்பவரிடம் முதுகுப்புறப் படம் கேட்டோம். இருநாள் கழித்து மங்கலான படம் ஒன்று வந்தது. பகலொளியில், கழுத்தை அணுகி எடுத்தனுப்புமாறு மீண்டும் கேட்டோம். "நம்பிக்கையில்லாதவர்க்கு விற்பதில்லை" என்று சினந்து எழுதினார். ஆயினும் படத்தை அனுப்பினார். பூப்பட்டையின் ஓரத்தில் மயிரிழை போன்ற கோடு குடத்தைச் சுற்றி ஓடியது. பட்டைக்கு இப்பால் வரி நெடுக்காகவும், அப்பால் சாய்வாகவும் கிடந்தது. ஒருகால் அவரும் தம் வீட்டார் சொன்ன கதையையே நம்பியிருக்கலாம் என எண்ணி, ஒட்டு வீணைக்குரிய விலைக்குத் தருவீரா என்று பணிவாகவே கேட்டோம். அதன்பின் எம் எண்ணையே அவர் அடைத்துவிட்டார். முன்பணம் திரும்பவில்லை. எந்தையாரிடம் உரைத்தபோது அவர் சினவவில்லை. "2,000 ரூபாய்க்குக் குறைந்து இப்பாடம் எங்கும் நடத்தமாட்டார்கள்" என்று மட்டும் சொன்னார். சினந்திருந்தால் எமக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

ஆடி மாதத்தில் ஆசாரியே சொல்லியனுப்பினார். ஓய்வுபெற்ற இசையாசிரியை ஒருவர் தம் ஒட்டு வீணையை 14,000 ரூபாய்க்குக் கொடுக்க இசைந்தார். அவர் வீட்டிற்கே சென்று, பகலில், குப்புறக் கிடத்தி, விரலால் தடவிப் பார்த்தோம். மூட்டு இருந்தது, அவரும் மறைக்கவில்லை. தங்கை சாரணையை மீட்டிவிட்டு எம்மைப் பார்த்தாள். அப்பார்வைக்குப்பின் விலைபேச எமக்கு வாயெழவில்லை. ஆசாரி புதிதாய் மேளங்கட்டித் தந்தார்.

தை மாதம் ஆராதனையைக் காண வந்த பெரியப்பா, கூடத்தில் வீணையைக் கண்டு வியந்து, "அடடே, ஏகாண்டமோ?" என்றார். எந்தையார் புன்னகைத்தார். யாம் மேற்கூரையை நோக்கினோம். இருவரும் மறுக்கவில்லை என்பதை ஈண்டு ஒப்புக்கொள்கின்றோம். தங்கையோ உறையை விலக்கி, "ஒட்டு, பெரியப்பா. இதோ, இங்கே பாருங்கள்" என்று அவர் விரலைப் பிடித்து மூட்டின்மேல் வைத்தாள், பின்பு அமர்ந்து பிரடையைத் திருகிச் சுருதி சேர்க்கலானாள்.