மூடி வைத்த கீரைச்சட்டி

நகரத்தில் கீரைக்கு நாலைந்து பெயர்தான். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பாலக், அதிர்ஷ்டம் இருந்தால் மணத்தக்காளி. தாராபுரம் பக்கத்தில் இருக்கும் என் அம்மாயிக்குத் தெரிந்ததை ஒருநாள் எழுதிப் பார்த்தேன். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை, முடக்கத்தான் என்று பதினேழு வந்தது. அதில் பெரும்பாலானவற்றை யாரும் விதைப்பதில்லை. மழை பெய்தால் சோளக்காட்டில் தானாக முளைக்கும். களையென்று பிடுங்கி வரப்பில் எறிவார்களே, அதுதான் அந்த வீட்டின் மதியச் சாப்பாடு.

எழுதிப் பார்க்கக் காரணம் இருந்தது. போன வருடம் எனக்கு ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். மூன்றாவது மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்பேன். நான் மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிவிட்டு, “கீரை நெறைய சாப்பிடுங்க” என்றார். அம்மாயியிடம் சொன்னேன்.

“கீரை நம்ம காட்டுலயே கெடக்குது கண்ணு. ஆரு திங்கறா?”

ஏன் தின்பதில்லை என்று அம்மாவைக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். பள்ளிக்கூடத்துக்கு அவர் தூக்குப்போசியில் களியும் பண்ணைக்கீரைக் கடைசலும் கொண்டுபோனவர். பக்கத்துப் பிள்ளைகள் அரிசிச்சோறு. மூடியை முழுசாகத் திறக்காமல் கையை மட்டும் உள்ளே விட்டுத் தின்பாராம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மாயி கீரைச்சட்டியை மூடி அடுப்படி மூலைக்குத் தள்ளிவிட்டு, அரிசி வாங்கிவர ஆள் அனுப்புவாராம்.

சிறுபாணாற்றுப்படையில் ஒரு அடுக்களை வருகிறது. கூரை இற்ற வீடு, குட்டி போட்ட நாய், பசி. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி உப்பில்லாமல் வேகவைக்கிறாள் கிணைமகள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். நத்தத்தனார் அதை வறுமையின் அடையாளமாகத்தான் சொல்கிறார். படித்தபோது எனக்கு அந்தத் தூக்குப்போசி மூடிதான் ஞாபகம் வந்தது. இவ்வளவு காலமும் கீரை ருசிக்காமல் போகவில்லை. பார்க்கிறவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது பருப்புக்கீரையில் ஒமேகா-3 இருக்கிறது என்று ரீல்ஸ் வருகிறது. இருப்பது உண்மைதான். அம்மாவுக்குக் காட்டினேன். “ஓ, அதுக்கும் இங்கிலீஷ் பேரு வந்துருச்சா?”

அம்மாயியின் கடைசலுக்குப் பெரிய வேலை இல்லை. பூ விடுவதற்குமுன் கிள்ளிய பண்ணைக்கீரை, கொஞ்சம் பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், பச்சைமிளகாய். மண்சட்டியில் வெந்ததும் மத்தால் கடைய வேண்டும். மிக்ஸியில் போட்டால் பச்சைப் பசையாகிவிடும், எனக்குப் பிடிக்காது. நான் இறக்கியபின் அரை எலுமிச்சை பிழிகிறேன். கீரையிலுள்ள இரும்பை உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும், வைட்டமின் சி கூட இருந்தால் கூடுதலாக எடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் குறையும். டீயைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் பருப்புக்கீரையை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது, ஆக்சலேட் அதிகம்.

நான்கு மாதத்தில் 11.4 ஆனது. பெரும்பங்கு மாத்திரையின் வேலை. கீரையால்தான் என்று சொன்னால் ரீல்ஸ்காரர்களோடு சேர்ந்துவிடுவேன்.

சென்னையில் பருப்புக்கீரைத் தண்டு ஒன்றைத் தொட்டியில் குத்திவைத்தேன், பிடித்துக்கொண்டது. மற்றவை ஊரில்தான். அங்கேயும் மாமா சோளத்துக்குக் களைக்கொல்லி அடிக்கிறார். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. மருந்தடித்த காட்டில் அம்மாயி ஒரு இலை தொடமாட்டார். சண்டைபோட்டுக் கிணற்றுமேட்டை மட்டும் மருந்தில்லாமல் வாங்கி வைத்திருக்கிறார்.

புரட்டாசி மழைக்குப்பின் அங்கே போய், பூக்காத பருவத்தில் ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன. அம்மாயிக்குக் கண்புரை, படம் தெரியாது. “படத்துல என்ன தெரியும்? கிள்ளிக் கையில குடு, சொல்றேன்” என்கிறார். தைக்குள் இன்னொரு முறை போக வேண்டும்.