ஊரே ஒரு விடுதி

நுழையும்முன்

நிலத்தின் மேற்பரப்புக்கு உரிமைப் பத்திரம் உண்டு, வேலியும் உண்டு. அந்நிலத்தின் அடியில் ஓடும் நீர் யாருக்கு உரியது? இந்தக் கேள்விக்கு விடைகாண ஜப்பானின் சிற்றூர் ஒன்று 23 ஆண்டுகள் போராடியது. அவ்வூரின் எளிய விடுதி ஒன்றில் ஓரிரவு தங்குபவர் அந்த விடையின் பயனைத் தம் உடலாலேயே உணர்கிறார்.

வெந்நீர் ஊற்றுகளின் நாடு

மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே நிலத்தின் ஆழத்திற்கு இறங்குகிறது. அங்கே புவியின் வெப்பத்தால் சூடேறி, பாறைகளிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு, மீண்டும் மேலெழுகிறது. இவ்வாறு பிறப்பதே வெந்நீர் ஊற்று. இமாசலத்தின் மணிகரணிலும் பீகாரின் இராஜகிரியிலும் இத்தகைய ஊற்றுகளில் மக்கள் காலங்காலமாக நீராடி வருகின்றனர். ஆயினும் வெந்நீர் ஊற்றுகளை வாழ்வின் ஒரு கூறாகவே ஆக்கிக்கொண்டவர்கள் ஜப்பானியர் எனலாம். அந்நாட்டில் 27,000-க்கும் மேற்பட்ட ஊற்றுகள் கணக்கிடப்பட்டுள்ளன. ஜப்பானிய மொழியில் இவை ‘ஓன்சென்’ எனப்படும். ஊற்று நீர் குறைந்தது 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் உடையதாக இருக்க வேண்டும்; அல்லது குறிப்பிட்ட கனிமப் பொருள்களுள் ஒன்றேனும் உரிய அளவில் அதில் கரைந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது ஓன்சென் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது.

ஹொன்ஷு தீவில், ஹியோகோ மாநிலத்தின் வடகோடியில், ஜப்பான் கடலை ஒட்டி அமைந்த ஊர் கினோசாகி. கியோத்தோ நகரிலிருந்து விரைவுத் தொடர்வண்டியில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். இருபுறமும் மலைகள், நடுவே ஒத்தானி என்னும் சிற்றாறு, கரை நெடுக அலரி மரங்கள், ஆற்றைக் கடக்க வளைந்த கற்பாலங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே சென்றுவிடலாம். இங்குள்ள ஊற்று நீர் உப்புச்சுவை உடையது. சில ஊற்றுகளில் அதன் வெப்பம் 80 டிகிரியை எட்டும்.

எளிய விடுதி

கினோசாகியில் பெரும் செல்வர் தங்கும் விடுதிகளும் உள்ளன. சிக்கனமாகச் செலவிடுவோர் தங்கும் சிறு விடுதிகளும் உள்ளன. பின்னவற்றுள் பல, ஒரே குடும்பத்தார் வழிவழியாக நடத்துபவை. தெருவை நோக்கிய குறுகிய முகப்பும், இரண்டு அல்லது மூன்று அடுக்குகளும் கொண்ட மரக்கட்டடங்கள். வாயிலில் காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். படியேறும்போது மரப்பலகைகள் மெல்ல முனகும்.

அறையின் அளவை அங்கே பாய்களின் எண்ணிக்கையால் சொல்வது வழக்கம். ‘தத்தாமி’ என்னும் தடித்த கோரைப்பாய் ஆறு விரிக்கத்தக்க அறை, ஏறத்தாழ நூறு சதுர அடி இருக்கும். கட்டில் இல்லை, அலமாரி நிறைய அணிகலப் பொருள்கள் இல்லை. தாழ்வான ஒரு மேசை, அமர்வதற்குத் திண்டு, பசுந்தேநீர் தயாரிக்கக் கலயம், சாளரத்திற்கு வெளியே ஆற்றின் ஓசை. இரவானதும் மேசையை ஒதுக்கிவிட்டுப் பாயின்மேல் பஞ்சு மெத்தையை விரிக்கின்றனர். பகலில் கூடமாக இருந்த இடமே இரவில் பள்ளியறை ஆகிவிடுகிறது.

முதன்முறை வரும் பயணிக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. விடுதிக்குள் இருக்கும் குளியல் தொட்டி மிகச் சிறியது. மூவரோ நால்வரோ அமர்ந்தாலே நிறைந்துவிடும். வெந்நீருக்கென்றே பெயர்பெற்ற ஊரில் இவ்வளவு சிறிய தொட்டியா என்று அவர் மனம் சற்று வாடக்கூடும். விடுதிக்காரரோ இதற்காக வருந்துவதில்லை. ‘யுக்காத்தா’ என்னும் பருத்தி அங்கியையும், ‘கெத்தா’ என்னும் மரக்குறட்டையும், குளியல்கூடங்களுக்கான அனுமதிச் சீட்டையும் விருந்தினரிடம் கொடுத்து, வெளியே போய் வரும்படி அனுப்பிவைக்கிறார். தம் விடுதிக்குள்ளேயே விருந்தினரை இருத்திக்கொள்ள வேண்டும் என்பது பொதுவாக விடுதி நடத்துவோரின் விருப்பம். இங்கே விருந்தினரைத் தெருவுக்கு அனுப்புவதே விருந்தோம்பலாக இருக்கிறது.

ஏழு குளியல்கூடங்கள்

கினோசாகியின் பெருமை அதன் பொதுக் குளியல்கூடங்கள். சாத்தோனோயு, ஜிஸோயு, யானாகியு, இச்சினோயு, கோஷோனோயு, மந்தாராயு, கோனோயு என அவை ஏழு. ‘யு’ என்றால் வெந்நீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. தோச்சி என்னும் துறவி ஆயிரம் நாள் வழிபாடு செய்ததன் பயனாக, 720ஆம் ஆண்டில் மந்தாராயுவின் ஊற்று பெருக்கெடுத்தது என்பது மரபு. காலில் காயம்பட்ட நாரை ஒன்று நீரில் நின்று நலம்பெற்றதைக் கண்டே கோனோயுவின் ஊற்றை மக்கள் அறிந்தனர் என்பது மற்றொரு கதை.

மாலைப் பொழுதில் தெரு உயிர்பெறுகிறது. அங்கியணிந்தோர் துண்டும் கையுமாக நடக்கின்றனர். கல்தரையில் மரக்குறடுகள் எழுப்பும் ‘டக், டக்’ என்னும் ஓசையே அவ்வூரின் இசை. ஒவ்வொரு விடுதியின் அங்கிக்கும் தனி வண்ணமும் வடிவமும் உண்டு. யார் எவ்விடுதியின் விருந்தினர் என்பதை ஊரார் அதைக் கொண்டே அறிந்துகொள்வர்.

குளியல்கூடத்தில் ஆடவருக்கும் மகளிருக்கும் தனித்தனிப் பகுதிகள். முதலில் சிறு முக்காலியில் அமர்ந்து, சோப்பு தேய்த்து உடலை நன்கு கழுவ வேண்டும். அழுக்கு முழுவதும் நீங்கிய பின்னரே பொதுத் தொட்டியில் இறங்கலாம். துண்டு நீரில் படலாகாது. சோப்பு நுரையும் கலக்கலாகாது. முற்காலத்தில் ஊருக்கு வருவோர் முதலில் மலைமேலுள்ள ஓன்சென்ஜி கோவிலுக்குச் சென்று வணங்கி, நீராடும் முறையை அறிந்து, அகப்பை ஒன்றைப் பெற்றுக்கொண்ட பின்னரே நீராடினர் என்பர். பலருக்கும் பொதுவான நீரைத் தொடுமுன் தன்னைத் தூய்மை செய்துகொள்வதே இந்த நெறிகள் அனைத்தின் சாரம்.

தொட்டியில் கழுத்தளவு நீரில் அமர்ந்திருப்போரிடையே யார் அலுவலர், யார் உழவர், யார் எத்தனை ஆயிரம் யென் கொடுத்து அறை எடுத்தவர் என்று எவராலும் சொல்ல இயலாது. பகட்டான விடுதியின் விருந்தினரும் ஆறு பாய் அறையின் விருந்தினரும் ஒரே நீரில் தோளுக்குத் தோளாக அமர்ந்திருக்கின்றனர். விடியலில் கூடத்தின் கதவு திறந்ததும் முதலில் நுழையும் ஆடவருக்கும் பெண்ணுக்கும் சிறு மரவில்லை ஒன்று பரிசாகக் கிடைக்கும். அதைப் பெறப் பணம் தேவையில்லை; விரைந்து எழுந்தால் போதும்.

நலம் தேடி வந்தவர்

ஜப்பானியர் நோய் தீர வெந்நீர் ஊற்றுகளை நாடி வாரக்கணக்கில் தங்குவது பழைய மரபு. ‘தோஜி’ என்பது அதன் பெயர். 1913இல் ஷிகா நவோயா என்னும் இளம் எழுத்தாளர் தோக்கியோவில் தொடர்வண்டி மோதிப் படுகாயமுற்றார். உயிர் பிழைத்த அவர், உடல் தேறுவதற்காகக் கினோசாகிக்கு வந்து ஏறத்தாழ மூன்று வாரம் தங்கினார். அங்கே அவர் கண்ணில் பட்டவை மிகச் சிறிய நிகழ்வுகள். கூரைமேல் இறந்து கிடந்த ஒரு தேனீ. ஆற்றில் உயிருக்குப் போராடிய ஓர் எலி. அவர் குறியின்றி எறிந்த கல் பட்டு எதிர்பாராமல் இறந்துபோன, பல்லியை ஒத்த ஒரு சிற்றுயிர். அவ்வுயிர் இறந்தது, தாம் பிழைத்தோம். இரண்டுமே தற்செயல்தாமோ என்ற எண்ணம் அவரை ஆட்கொண்டது. 1917இல் வெளிவந்த ‘கினோசாகியில்’ என்னும் அவருடைய சிறுகதை, ஜப்பானியப் பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. விடுதி அறையின் சாளரமும் ஆற்றங்கரை நடையும் அக்கதைக்குப் போதுமானவையாக இருந்தன.

நிலநடுக்கமும் மீட்சியும்

1925 மே 23 அன்று நண்பகலுக்குச் சற்று முன்னர், அப்பகுதியைக் கடுமையான நிலநடுக்கம் தாக்கியது. மர வீடுகள் சரிந்தன. அடுப்புகளிலிருந்து பரவிய தீ ஊரை விழுங்கியது. அவ்வட்டாரத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விடுதிகளும் குளியல்கூடங்களும் சாம்பலாயின. எஞ்சியது நிலத்தடியில் ஊறிய வெந்நீர் ஒன்றே.

மக்கள் ஊரை விட்டுப் போகவில்லை. தெருக்களை அகலமாக்கத் தத்தம் நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். அண்மையிலுள்ள கென்புதோ குகைப்பகுதியில் நிலநடுக்கத்தால் உதிர்ந்த எரிமலைப் பாறைகளைக் கொண்டுவந்து ஆற்றின் கரைகளைக் கட்டினர். இன்று பயணிகள் வியந்து நோக்கும் மரவிடுதிகளும் கற்பாலங்களும் பெரும்பாலும் அம்மீட்சிக் காலத்தின் வரவுகள். தன் நிலத்தைப் பொதுவுக்கு ஈந்த அந்த ஊரில்தான் அடுத்த சோதனையும் எழுந்தது.

நீர் யாருக்கு உரியது?

அதுவரை கினோசாகி விடுதிகளுக்குள் ஊற்று நீர்க் குளியல் கிடையாது. எல்லாரும் பொதுக் குளியல்கூடங்களுக்கே சென்றனர். 1927இல் விடுதி ஒன்று தன் மனைக்குள் கிடைத்த ஊற்று நீரைக் கொண்டு உட்குளியலறை அமைத்தது. ஊரார் கொதித்தெழுந்தனர், வழக்கு நீதிமன்றம் ஏறியது.

இருதரப்பிலும் நியாயம் இருந்தது. தன் நிலத்தில் தோன்றிய நீரைத் தான் பயன்படுத்துவதில் என்ன தவறு என்பது ஒரு தரப்பு. முதியோரும் நோயாளிகளும் பனியில் நடந்து போகாமல் விடுதிக்குள்ளேயே நீராடலாம் என்பதும் எளிதில் தள்ளத்தக்க வாதம் அன்று. மறுதரப்பின் அச்சமோ ஆழமானது. நிலத்தடி நீருக்கு மனைகளின் எல்லை தெரியாது. ஒருவர் தம் மனையில் ஆழத் துளையிட்டு இறைத்தால், பொது ஊற்றின் நீர் குன்றும். பணம் படைத்த விடுதிகள் தத்தமக்குக் குளியலறை அமைத்துக்கொண்டால், பொதுக் குளியல்கூடங்கள் வெறிச்சோடும். தெருவில் நடமாட்டம் அறும். தேநீர்க் கடையும் சிறு விடுதியும் முதலில் மூடப்படும்.

போர்க்காலத்தையும் கடந்து நீண்ட அவ்வழக்கு 1950இல் உடன்பாட்டில் முடிந்தது. ஊற்று நீர் ஊரின் பொதுச்சொத்து என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது. விடுதிகள் உட்குளியலறை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் பொதுக் குளியல்கூடங்களே முதன்மையாக விளங்கும்படி அவற்றின் அளவுக்கு வரம்பு கட்டப்பட்டது. 1972 முதல், பல ஊற்றுகளின் நீரையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, குழாய்களின் வழியே ஊர் முழுமைக்கும் பகிர்ந்தளிக்கும் முறை நடைமுறையில் உள்ளது. குளியல்கூடத்திற்குச் செல்வதும் விடுதிக்குச் செல்வதும் ஒரே நீர்தான்.

சிறு விடுதியின் சிறிய தொட்டிக்கு உரிய விளக்கம் இதுவே. அது வறுமையின் அடையாளம் அன்று. ஓர் ஊர் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட எல்லை.

எளிமையின் வளம்

கினோசாகி மக்களிடையே ஒரு வழக்கு நிலவுகிறது. தொடர்வண்டி நிலையமே வாயில், தெருக்களே நடைவழிகள், விடுதிகளே அறைகள், பொதுக் குளியல்கூடங்களே குளியலறை, ஆக, ஊர் முழுவதும் ஒரே விடுதி என்பது அது. இதை ஏற்றுக்கொண்டால் எளிய விடுதி என்பதன் பொருளே மாறிவிடுகிறது. ஆறு பாய் அறையில் தங்குபவர் உண்மையில் ஆறு பாய் அறையில் மட்டும் தங்கவில்லை. அலரி மரங்களும் கற்பாலங்களும் ஏழு குளியல்கூடங்களும் அவருடைய விடுதியின் உறுப்புகள். விடுதிக்காரரின் முதலீடு சிறியது. அவர் தம் விருந்தினருக்கு வழங்கும் வளமோ பெரியது. அவ்வளத்தில் மற்ற விடுதிகளுக்கு உள்ள அதே பங்கு அவருக்கும் இருக்கிறது.

ஊரார் உண்ணும் நீர்நிலையை ‘ஊருணி’ என்று பெயரிட்டழைத்த தமிழருக்கு இக்கருத்து புதிதன்று. நீரை அதன் சுவையாலோ ஆழத்தாலோ குறிக்காமல், ஊருக்கு உரியது என்னும் பண்பால் குறித்த சொல் அது. ஊருணி தூர்ந்து, வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு இறங்கும் காலத்தில், மனையின் எல்லைக்குள் நீரின் எல்லையும் அடங்கிவிடுவதாக எண்ணுவது எளிது. அண்டை வீட்டுக் கிணறு வற்றும்போதுதான் நிலத்தடியில் வேலிகள் இல்லை என்பது தெரியவருகிறது. கினோசாகி மக்கள் அவ்வுண்மையை ஊற்று வற்றுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொண்டனர். அதற்கு 23 ஆண்டுகள் ஆயின. அண்டை அயலாரிடையே பெரும் மனக்கசப்பும் நேர்ந்தது. ஆயினும் அவர்கள் அடைந்த உடன்பாடு இன்றும் ஒவ்வொரு மாலையிலும் அத்தெருவில் மரக்குறடணிந்து நடக்கிறது.