சிவப்புக் கட்டடம் எது?

சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்தின் முன் ஓடும் அகன்ற சாலையில் நின்று சுற்றிலும் நோக்கினால், பழைய பெருங்கட்டடங்கள் சில ஒன்றுக்கொன்று அண்மையில் நிற்பதைக் காணலாம். 1873இல் திறக்கப்பட்ட சென்ட்ரல் செந்நிறம். சற்றுத் தள்ளியிருக்கும் விக்டோரியா மண்டபமும் செங்கல்லின் சிவப்பே. அதற்கடுத்து நிற்கும் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, 1913இல் எழும்பிய நாள் முதல் வெண்மைக்குப் பெயர்பெற்றது. 1922இல் திறக்கப்பட்ட தெற்கு இரயில்வேயின் தலைமை அலுவலகமோ கருங்கல் மாளிகை. வழி கேட்போருக்கு இவற்றின் பெயரைச் சொல்வதைவிட நிறத்தைச் சொல்வது எளிது. வெளியூரிலிருந்து வருபவன் விக்டோரியாவைக் கண்டானா, ரிப்பனைக் கண்டானா? சிவப்பு என்றும் வெள்ளை என்றும் சொன்னால் போதும்.

நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மேல்நிலைத் தேர்வு முடித்திருந்த என் தங்கை மகனை அழைத்துக்கொண்டு சென்னை சென்றிருந்தேன். மண்ணடியில் மதரஸாவுக்குரிய கிதாபுகள் வாங்கும் வேலை எனக்கு. சென்ட்ரல் அருகே பழைய புத்தகக் கடைகளில் தேடும் ஆவல் அவனுக்கு. "அஸர் தொழுதுவிட்டு வருகிறேன். வெள்ளை மாளிகைக்குப் பக்கத்திலே சிவப்புக் கட்டடம் இருக்கிறதே, அதன் வாசலில் நில்" என்று கூறிப் பிரிந்தேன். திரும்பி வந்து விக்டோரியா மண்டபத்தின் முன் நின்றால் அவனைக் காணவில்லை. கைப்பேசியில் அழைத்தேன். "சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால்தான் நிற்கிறேன், மாமா" என்றான். நானும் அங்கேதான் நின்றேன்! மீண்டும் அழைத்தேன், அதே விடை. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் இப்படியே கழிந்தது. இறுதியில் இரயில்வே தலைமை அலுவலகத்தின் கருங்கற் சுவரோரம் புத்தகப் பையுடன் நின்றவனைக் கண்டுபிடித்தேன். எழும்பூரில் இரயில் போய்விட்டது. "இந்தக் கல்லா உனக்குச் சிவப்பு? கண்ணைத் திறந்து பார்க்கிறாயா இல்லையா?" என்று பலர் பார்க்க அவனைக் கடிந்துகொண்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைத் திமிர் என்று நினைத்தேன்.

ஊர் திரும்பியபின் தங்கைதான் ஐயங்கொண்டு கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். நானும் உடன் சென்றேன். வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை மருத்துவர் விரித்தார். இஷிஹாரா என்னும் ஜப்பானிய மருத்துவர் 1917இல் வெளியிட்ட சோதனை அது. முதல் பக்கத்தில் 12 என்ற எண். அவன் தயங்காமல் படித்தான். எனக்கு நிம்மதி வந்தது. அடுத்த பக்கங்களில் எனக்குப் பளிச்சென்று தெரிந்த எண்கள் அவனுக்குத் தெரியவில்லை. முதல் பக்கம் எல்லோரும் படிக்கக்கூடியதாகவே அமைக்கப்பட்டது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத இக்குறை தாய்வழியே மகனுக்கு வருவது. பெண்கள் பெரும்பாலும் அதைச் சுமந்து செல்வார்கள். அவர்களிடம் அது வெளிப்படுவது அரிது. அப்போதுதான் எங்கள் தாய்வழி நன்னாவின் நினைவு வந்தது. செடியில் பழுத்த மிளகாயைப் பறிக்கச் சொன்னால் அவர் காயையும் பழத்தையும் கலந்தே கொண்டு வருவார். நாங்கள் சிறுவர்கள் கைகொட்டிச் சிரிப்போம். அவரிடமிருந்து என் தாய்க்கும், தாயிடமிருந்து தங்கைக்கும் வந்தது அவள் மகனை அடைந்திருக்கிறது. அதே தாய் வயிற்றில் பிறந்த நான் தப்பினேன்.

இரயில் ஓட்டுநராக வேண்டுமென்பது சிறுவயது முதலே அவன் கனவு. சமிக்ஞை விளக்கின் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாதவருக்கு அந்தப் பணி கிடையாது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தங்கை அன்று முழுவதும் உணவைத் தொடவில்லை. குறைபாடு இலேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்கள் சாலை வாகன உரிமம் பெறலாமென்று 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தியிருந்தது. மருத்துவர் சொன்ன அந்தச் செய்தி அவளுக்குச் சிறு ஆறுதலாக இருந்தது.

மறுமுறை சென்னை சென்றபோது அவனைப் பிரிந்து போகவில்லை. அதே சாலையில் அவனோடு நின்று, "எப்படித் தெரிகிறது, சொல்" என்றேன். "எல்லோரும் சிவப்பு என்பது பழைய, பெரிய, மங்கலான கட்டடங்களைத்தான் என்று நினைத்திருந்தேன், மாமா" என்றான். செங்கல்லும் அந்தக் கருங்கல்லும் அவனுக்கு ஏறத்தாழ ஒரே மங்கல் வண்ணம். பிறகு ரிப்பன் மாளிகையைக் காட்டி, "இதை ஏன் வெள்ளை என்கிறீர்கள்? வெயில் படும் பக்கம் மஞ்சள், தூண்களின் நிழல் விழும் இடம் நீலம்" என்றான். உற்று நோக்கினேன். உண்மைதான்! மஞ்சளையும் நீலத்தையும் அவன் கண்கள் நன்றாகவே பிரித்தறிகின்றன. வெள்ளை என்று முன்கூட்டியே அறிந்திருந்த நான், அறிந்ததையே கண்டுகொண்டிருந்தேன். ஒளியும் அருகிலுள்ள வண்ணங்களும் மாற, காணும் நிறமும் மாறும்; காட்சியில் கண்ணோடு முன்னறிவும் கலந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலில் இப்னுல் ஹைதம் விளக்கிச் சென்றது இது. படித்தவன்தான் நான்.

அங்கிருந்து உயர்நீதிமன்றத்திற்குச் சென்றோம். வழியில் இந்நகரின் பழங்கதையைச் சொன்னேன். கடற்சிப்பியைச் சுட்டு முட்டை வெண்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சால் சலவைக்கல்போல் மின்னிய வெண்ணிற மதராஸைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட ஆங்கில ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், பண்டைக் கிரேக்க நகரமொன்றுக்கு அதனை ஒப்பிட்டார். இன்று நமக்குப் பழமையின் அடையாளமாகத் தோன்றும் செந்நிறம் பெரும்பாலும் அதற்குப் பிந்திய நூற்றாண்டில் வந்தது. மனிதரின் தோல் நிறத்தால் பெயர் பெற்ற பகுதியும் இங்கே உண்டு. 1911இல் ஜார்ஜ் டவுன் ஆகும்வரை அது கருப்பர் நகரம்.

1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றத்தின் செஞ்சுவர்களும் முன்னிருக்கும் மரங்களும் அவனுக்கு ஒரே நிறக் குடும்பம். ஆயினும் குவிமாடங்களின் வேறுபாடுகளை அவன் எண்ணிக் காட்டியபோது நான் வியந்தேன். ஒன்றுபோல் மற்றொன்று இல்லை என்றான். எத்தனையோ முறை அவ்வழியே சென்றிருக்கிறேன். சிவப்பைக் கண்டதோடு என் பார்வை முடிந்துவிட்டிருந்தது. அவற்றுள் மிக உயர்ந்த கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்தது என்றதும், அதற்குப் பின் வந்த விளக்கத்தைக் காண விரும்பினான். மெரினாவுக்குப் பேருந்து ஏறினோம்.

சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய அந்தக் கோபுரம் அவனுக்கு அடர்நிறமும் வெள்ளையுமாகத் தெரிந்தது. "மாலுமிக்கு இதுவே போதுமே" என்றான். பகலில் கடலிலிருந்து அடையாளம் காண உதவுவது அந்த வேறுபாடுதானே!

கதிரவன் நகரத்தின் பின்னே மறைந்தான். ஒளி குன்றும்போது நம் கண்ணில் முதலில் இருண்டுபோவது சிவப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் செக் அறிஞர் புர்கின்ஜே கவனித்த உண்மை இது. மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண்ணணுக்கள் செந்நிறத்தை ஏறக்குறைய உணர்வதேயில்லை. கோபுரத்தின் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கருமை பூண்டன.

"இப்போது உங்களுக்கு எப்படித் தெரிகிறது, மாமா?"

"கறுப்பும் வெள்ளையும்" என்றேன்.

மஃரிபுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அன்று அவனைக் கடிந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நன்னாவிடமும் கேட்டிருக்க வேண்டும்" என்று சிரித்தபடி, பையை அவன் எடுத்துக்கொண்டான்.