பதினோராம் கல்

செராஸை ஓர் ஊர் என்று ஒரே சொல்லில் அடக்க முடியாது. பாதி கோலாலம்பூரில் கிடக்கிறது, மீதி சிலாங்கூரில். 2017 ஜூலையில் காஜாங் வரை ஓடத் தொடங்கிய எம்ஆர்டியில் தாமான் பெர்த்தாமா, தாமான் மீடா, தாமான் முத்தியாரா, தாமான் கனாட் என்று நிலையங்கள் வரிசையாக வரும். இன்னும் தெற்கே போனால் 'பத்து 11 செராஸ்'. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள், இது பத்தா பதினொன்றா என்று விழிப்பார்கள். மலாயில் பத்து என்றால் கல். இது பதினோராவது மைல்கல். நாடு கிலோமீட்டருக்கு மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. பெயர் மட்டும் மைலிலேயே நிற்கிறது. அதனிடம் யாரும் சான்று கேட்பதில்லை.

மனிதர்களிடம் கேட்கிறார்கள்.

நான் திருமணமாகிச் செராஸுக்கு வந்தவள். பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் நீல நிற அடையாள அட்டை கிடைத்தது. இரட்டைக் குடியுரிமையை மலேசியாவும் ஏற்பதில்லை, இந்தியாவும் ஏற்பதில்லை. 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை தானாகவே முடிந்துவிடும். பழைய கடப்பிதழை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்தேன். ரத்து முத்திரையோடு அது திரும்பி வந்தது. கூடவே ஒப்படைப்புச் சான்றிதழும்.

அப்பா இறந்த பிறகுதான் அவற்றின் அருமை புரிந்தது. ஊர் வீட்டுப் பத்திரத்தில் என் கையெழுத்தும் வேண்டும். வாரிசுச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து மட்டும். பழைய கடப்பிதழில் என் பெயர் ஒரு கட்டத்தில், அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில். மலேசியக் கடப்பிதழில் கட்டமே இல்லை. முழுப் பெயரும் ஒரே வரி.

தம்பி தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, மூணு பேரும் நீதான்னு காகிதம் கேக்குறாங்க."

எம்ஆர்டி ஏறி முசியம் நெகாராவில் இறங்கி, இணைப்புப் பாதை வழியாகக் கேஎல் சென்ட்ரலைக் கடந்து பிரிக்பீல்ட்ஸ் போனேன். பழைய பிரிக்பீல்ட்ஸ் சாலைதான் இன்றைய ஜாலான் துன் சம்பந்தன். அங்கே ஒரு மாடியில் இருந்த சத்தியப் பிரமாண ஆணையர் மூன்றையும் பார்த்துச் சிரித்தார். "பேருதாம்மா மூணு. பிறந்த தேதி, பிறந்த ஊரு, தகப்பன் பேரு எல்லாம் ஒண்ணுதானே?" என்றார்.

பிரமாணப் பத்திரத்தில் மூன்று பெயர்களும், இரண்டு கடப்பிதழ் எண்களும் ஏறின. பிறகு மலேசிய வெளியுறவு அமைச்சு, இந்தியத் தூதரகம் இரண்டிலும் சான்றொப்பம். அத்துடன் பிறப்புச் சான்றிதழ், ரத்தான கடப்பிதழ், ஒப்படைப்புச் சான்றிதழ்.

குடியுரிமை மாறியவர்கள் பழைய கடப்பிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்க்கும் பாலம் அதுதான்.

ஊரில் பதிவு அலுவலர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு பத்திரத்தை என் பக்கம் திருப்பி, "இன்னார் மகள்" என்ற இடத்தைக் காட்டினார். அப்பா பெயருக்குக் கீழே கையெழுத்திட்டேன்.