பெயர் என்னும் அமானிதம்

ஒருவருடைய பொருளை மற்றொருவர் கவர்ந்துகொண்டால் அதனைக் களவு என்கிறோம். ஒருவருடைய படைப்பு மற்றொருவருடைய பெயரில் உலவுமாயின் அதனை என்னென்று சொல்வது? அங்கே கவர்ந்தவர் என்று எவரையும் சுட்ட இயலாது. புகழ் பெற்றவரும் அதனைக் கேட்டுப் பெற்றவர் அல்லர். ஆயினும் இழந்தவர் ஒருவர் இருக்கவே செய்கிறார். அத்தகைய ஓர் இழப்பில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதனை இம்மலரின் வாயிலாக ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

2004ஆம் ஆண்டு. நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ‘கலையும் கருவியும்’ என்னும் பொருளில் துறைக் கூட்டமொன்றில் உரையாற்ற வேண்டியிருந்தது. கணினியும் மின்பொறியும் கலைக்குள் புகுந்த வரலாற்றைச் சொல்லும்போது ஓர் இசைத் துண்டையும் கேட்கச் செய்தால் நன்றாயிருக்குமே என்று எண்ணினோம். விடுதி மாணவர் ஒருவர் குறுந்தகடு ஒன்றைக் கொணர்ந்து தந்தார். நூற்றுக்கு மேற்பட்ட இசைக் கோப்புகள் அதில் அடங்கியிருந்தன. எல்லாம் இணையத்தின் வழியே கைம்மாறிக் கைம்மாறி வந்தவை. அவற்றுள் ஒன்று, சட்டியில் சோளம் பொரிவதுபோல் துள்ளித் துள்ளி ஒலிக்கும் மின்னிசை. ‘பாப்கார்ன்’ என்பது அதன் பெயர். படைத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கிராஃப்ட்வெர்க்’ என்று எழுதப்பட்டிருந்தது.

கிராஃப்ட்வெர்க் என்பது ஜெர்மனி நாட்டு டுசல்டார்ஃப் நகரத்துக் குழு. மின்னிசையின் முன்னோடிகள் என்று உலகம் போற்றும் கலைஞர்கள். ஆகவே நமக்கு ஐயம் எழவில்லை. அக்குழுவினரின் கற்பனைத் திறத்தை அவ்விசையைக் கொண்டே விரித்துரைத்தோம். கைதட்டலும் கிடைத்தது. பின்னர் அவ்வுரை ஆண்டு மலரில் கட்டுரையாகவும் அச்சேறியது. காற்றில் போக வேண்டிய பிழை, காகிதத்தில் நிலைத்துவிட்டது.

சில ஆண்டுகள் சென்றபின், கணினி அறிவியல் மாணவர் ஒருவர் நூலகத்திலிருந்து அப்பழைய மலரை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். மிகுந்த பணிவோடு, “ஐயா, இந்தக் குழு தொடங்கப்பட்டதே 1970இல்தான். இந்த இசை 1969இலேயே இசைத்தட்டில் வந்துவிட்டதே!” என்றார். நாம் ஒருவாறு சமாளித்து அவரை அனுப்பிவைத்தோம். “பார்க்கிறேன் தம்பி” என்று சொன்னதாக நினைவு. ஆனால் பார்த்தபின்னும் திருத்தம் எழுதவில்லை. ஒரு மெட்டுக்கு யார் பெயர் இருந்தால்தான் என்ன என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

உண்மை இதுதான். ‘பாப்கார்ன்’ இசையை அமைத்தவர் கெர்ஷன் கிங்ஸ்லி. 1922இல் ஜெர்மனியின் போகும் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் கோட்ஸ் குஸ்டாவ் க்சின்ஸ்கி. ஹிட்லரின் கொடுங்கோலுக்குத் தப்பி, 1938இல் பதின்பருவத்திலேயே நாட்டைவிட்டு வெளியேறியவர். பிற்காலத்தில் அமெரிக்காவில் வாழ்ந்தார். ராபர்ட் மோக் என்பவர் 1964இல் உருவாக்கிய மின்னிசைக் கருவியை மேடைக்குக் கொணர்ந்தவர்களுள் அவர் ஒருவர். 1969இல் தாம் வெளியிட்ட இசைத்தட்டில் இம்மெட்டை முதன்முதலாக அமைத்தார். அவருடைய குழுவில் வாசித்த ஸ்டான் ஃபிரீ என்பவர், ‘ஹாட் பட்டர்’ என்னும் மற்றொரு குழுவில் அதனை மீண்டும் வாசிக்க, 1972இல் அது ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் விற்பனையில் முதலிடம் பெற்றது.

கோப்புப் பகிர்வில் இவ்விசை கிராஃப்ட்வெர்க் பெயரில் மட்டுமா உலவியது? பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளர் ஜான் மிஷேல் ஜார் பெயரிலும் உலவியது. அவரேனும் 1972இல் புனைபெயரில் இதனை ஒருமுறை இசைத்துப் பதிவு செய்தவர். ஆதலின் அப்பிழையில் சிறிது மெய் கலந்திருந்தது. கிராஃப்ட்வெர்க் குழுவினரோ இதனைப் பதிவு செய்தவரே அல்லர்.

இப்பிழை எவ்வாறு தோன்றுகிறது என்பதனை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நலம். எம்பி3 கோப்பின் பின்னொட்டுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது 1995இல். அக்கோப்பில் முதலில் படைத்தவர் பெயரைக் குறிக்க இடமே இல்லை. 1996இல் கோப்பின் இறுதியில் 128 பைட் அளவுள்ள ஒரு சிறு சீட்டை ஒட்டும் முறை வந்தது. தலைப்புக்கு 30 எழுத்து, கலைஞர் பெயருக்கு 30 எழுத்து என்று அதில் இடம் வகுத்திருந்தனர். அச்சீட்டை எவரும் எழுதலாம், எவரும் அழிக்கலாம், எவர் எழுதினார் என்பதற்குச் சுவடும் இராது. 1999இல் நாப்ஸ்டர் என்னும் பகிர்வு முறை தோன்றியபோது, உலகின் மாணவர் விடுதிகளெல்லாம் இத்தகைய கோப்புகளால் நிறைந்தன. 2001இல் அது மூடப்பட்டது. ஆனால் அதன் வழியே பரவிய கோப்புகள் பிறவழிகளில் பயணத்தைத் தொடர்ந்தன.

தேடுவோர் தமக்குத் தெரிந்த பெயரைத்தானே தேடுவர்? மின்னிசை என்றதும் நினைவுக்கு வரும் பெயர்கள் நாலைந்தே. பெயரறியாத கோப்பு ஒன்று கையில் இருப்பவர், ‘இன்னார் இசைபோல் இருக்கிறதே’ என்று எண்ணி அந்நாலைந்தில் ஒன்றை எழுதிவைக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, ஊகித்தார். அடுத்தவர் கைக்குச் செல்லும்போது அவ்வூகம் செய்தியாகிறது. ஆயிரவர் கைக்குச் சென்றபின் சான்றாகிறது. அறிந்தவர் கோப்பு அறியப்படாமலே கிடக்க, ஊகித்தவர் கோப்பே தேடலில் முந்துகிறது. புகழுள்ளவரிடமே மேலும் புகழ் சென்று சேர்கிறது.

வாய்ப்பாட்டாயின் குரலைக் கொண்டேனும் ஆளை அறியலாம். மின்னிசையில் பெரும்பாலும் குரல் இல்லை. ஒரே கருவியைப் பலரும் இசைப்பர். ஒரே கலைஞர் பல பெயர்களில் வெளியிடுவார். ‘ஏஃபெக்ஸ் டுவின்’ என்று அறியப்படும் ரிச்சர்ட் ஜேம்ஸ் ‘பாலிகன் விண்டோ’ முதலிய வேறு பெயர்களிலும் இசை வெளியிட்டவர். ஒருவர் அமைத்ததை மற்றொருவர் மாற்றியமைத்தலும் அங்கு இயல்பு. எனவே பெயர்ச் சீட்டு ஒன்றே அடையாளமாகிறது. அச்சீட்டோ யார் கையும் எட்டுவது.

குரல் இருந்தும் உலகம் ஏமாந்தது உண்டு. கவலை வேண்டாம், மகிழ்ந்திரு என்னும் பொருளில் அமைந்த ஆங்கிலப் பாடலொன்றைப் பாபி மக்ஃபெரின் 1988இல் வெளியிட்டார். கோப்புப் பகிர்வில் அது பாப் மார்லி பெயரில் உலகைச் சுற்றியது. பாப் மார்லி காலமானது 1981இல். மறைந்து 7 ஆண்டுகள் கழித்து வெளிவந்த பாடலை அவர் எங்ஙனம் பாடியிருத்தல் கூடும்? இரண்டு ஆண்டுகளை அருகருகே எழுதிப் பார்த்திருந்தால் போதும்.

இரண்டு ஆண்டுகளை அருகருகே எழுதிப் பார்க்கும் இக்கலை நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள், நபிமொழியின் வாசகத்தோடு அதனை அறிவித்தவர்களின் வரிசையையும் காத்துவந்தனர். ‘இஸ்னாத்’ எனப்படும் அவ்வரிசையில் ஒருவரிடமிருந்து மற்றொருவர் கேட்டதாகச் சொல்லப்பட்டால், அவ்விருவரும் ஒரே காலத்தவரா, சந்தித்திருத்தல் கூடுமா, நினைவாற்றல் உடையவரா, நேர்மையாளரா என்று ஆராய்ந்தனர். அதற்கெனவே அறிவிப்பாளர் வரலாற்று நூல்கள் பல எழுந்தன. 810 முதல் 870 வரை வாழ்ந்த இமாம் புகாரி அவர்கள் இத்துறையில் கொண்டிருந்த கண்டிப்பினை உலகம் அறியும். அம்மரபில் வந்த நாம், குறுந்தகட்டில் இருந்த ஒரு சொல்லை ‘யார் சொன்னது?’ என்று கேளாமலே மேடையேற்றினோம்.

தமிழாசிரியராகவும் நாம் நாண வேண்டியவரே. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவர் பெயர் தொகுத்தோருக்குக் கிட்டவில்லை. கபிலர் என்றோ பரணர் என்றோ எழுதியிருந்தால் தடுப்பார் யார்? அவ்வாறு செய்யாமல், பாடலில் அமைந்த சொற்றொடரையே எடுத்துச் ‘செம்புலப்பெயனீரார்’ என்று பெயர் அமைத்தனர். தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக் காத்த நேர்மை அது. அவ்வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் எடுத்துரைக்கும் நாமே இதனைச் செய்தோம்.

இவ்விடத்தில் நம் குடும்பச் செய்தி ஒன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. நம் பெரியத்தா இஸ்லாமியப் பாடல்கள் புனைந்தவர். மீலாது விழாக் காலங்களில் எங்களூர்ப் பிள்ளைகள் அவருடைய பாடல்களையே பாடுவர். 1980களில் அப்பாடல்களுள் ஒன்று ஒலிநாடாவில் வெளிவந்தது. உறையில் பாடியவர் பெயர் பெரிதாக இருந்தது. இயற்றியவர் என்னும் இடத்தில் ‘பழம்பாடல்’ என்று அச்சிட்டிருந்தனர். உயிரோடு திண்ணையில் அமர்ந்திருந்தவரின் பாட்டு பழம்பாடல் ஆகிவிட்டது. நாங்கள் கொதித்தோம். அவரோ, “பாட்டு யாருதுன்னு படைச்சவனுக்குத் தெரியும். விடுங்கத்தா” என்று சிரித்தார். ஆனால் அவர் மறைந்தபின் பெரியம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார்கள். பாடல்கள் ஒவ்வொன்றின் அடியிலும் தம் பெயரையும் எழுதிய நாளையும் பெரியத்தா எழுதிவைத்திருந்தார். அந்த ஒரு பாடலின் அடியில் மட்டும் பெயரை இரண்டுமுறை எழுதியிருந்தார். அவர் சிரிப்பின் பொருள் நமக்கு அன்றுதான் விளங்கியது.

அந்நோட்டினைக் கண்டபின்னும் நாம் திருத்தம் எழுதவில்லை என்பதே நம் குற்றம். நம் பெரியத்தாவுக்கு நேர்ந்தது அநீதி என்று உணர்ந்த உள்ளம், கடல் கடந்த ஒருவருக்கு நம்மால் நேர்ந்ததை அநீதி என்று உணரவில்லை. 2019 டிசம்பரில் கிங்ஸ்லி தம் 97ஆம் வயதில் நியூயார்க்கில் காலமானார். அச்செய்தியைப் படித்தபோதுதான் ஓர் உண்மை உறைத்தது. நாம் மேடையில் அவர் இசைக்கு வேறு பெயர் சூட்டியபோதும், மாணவர் வந்து திருத்தியபோதும், அவர் உயிரோடு இருந்திருக்கிறார். பிறந்த நாட்டையும் பிறந்தபோது பெற்ற பெயரையும் இழந்தவருக்கு, செய்த படைப்பின் பெயரையும் இல்லாமலாக்கும் வேலையில் நாமும் ஒரு கை கொடுத்திருக்கிறோம்.

அவர் யூதர், வழிபாட்டுக்கும் இசை அமைத்தவர். அதனால் நமக்கென்ன என்று எவரும் எண்ணலாகாது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் 105ஆம் வசனம் தொடங்கி வருவன, திருட்டுப் பழி ஒரு யூதர்மீது தவறாகச் சுமத்தப்பட்ட நிகழ்ச்சியையொட்டி அருளப்பெற்றவை என்று விரிவுரையாளர்கள் உரைப்பர். பழி உரியவரிடமே சேர வேண்டும் என்பது அங்கே கிடைக்கும் படிப்பினை. பழிக்கு உள்ள நீதி புகழுக்கும் உண்டன்றோ? இசையைப் பற்றி நம் பெரியோரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதனை நாம் அறிவோம். நாம் இங்கே பேசுவது இசையின் ஆகுமை பற்றியன்று. பிறர் உழைப்பின் பெயர் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பது பற்றியே.

காலந்தாழ்ந்த திருத்தத்தால் பயன் உண்டா என்று கேட்கலாம். இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் 1963இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசையை ரான் கிரெய்னர் எழுதினார். ஒலிநாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி, அதனை மின்னிசையாக உருவாக்கியவர் டெலியா டெர்பிஷர் என்னும் பெண்மணி. இணை ஆசிரியர் என்று அவரையும் குறிக்க வேண்டுமெனக் கிரெய்னரே விரும்பியும் நிறுவன விதி இடந்தரவில்லை. டெலியா 2001இல் காலமானார். தொடரின் பொன்விழா ஆண்டாகிய 2013இல்தான் அவர் பெயர் திரையில் தோன்றியது. அவர் காணவில்லை, ஆயினும் பின்வருவோர் இனிப் பிழைபட அறியார்.

மின்னிசை அன்பர்களும் வாளாவிருக்கவில்லை. இசைத்தட்டின் நடுவே அச்சிட்ட சீட்டைப் பார்த்து, வெளியீட்டு எண்ணோடு பெயரைப் பதியும் ‘டிஸ்காக்ஸ்’ என்னும் அட்டவணை 2000இல் தொடங்கியது. தொடக்கத்தில் அது மின்னிசைக்கென்றே அமைந்தது. பிழை பரவிய அதே இணையத்தில், மூலத்தைத் தேடிச் சென்று திருத்துவோரும் இருக்கின்றனர்.

அன்பு மாணவர்களே! இன்று கைப்பேசியில் நாள்தோறும் எத்தனையோ பொன்மொழிகளும் கவிதைகளும் வருகின்றன. அப்துல் கலாம் அவர்கள் சொல்லாதனவெல்லாம் அவர் படத்தோடு உலவுகின்றன. அடுத்தவருக்கு அனுப்புமுன் ‘யார் சொன்னது? எங்கே சொன்னது?’ என்று ஒரு கணம் கேளுங்கள். விடை கிடைக்கவில்லையா? ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். அதில் இழிவு ஒன்றுமில்லை.

முன்பு ஆண்டு மலரில் நாம் எழுதிய கட்டுரையில், ‘பாப்கார்ன்’ என்னும் இசையைப் படைத்தவர் கிராஃப்ட்வெர்க் குழுவினர் என்று குறித்தது பிழை. அதனைப் படைத்தவர் கெர்ஷன் கிங்ஸ்லி, ஆண்டு 1969. நூலகத்தில் உள்ள பழைய மலரிலும் அவ்வரியின் ஓரத்தில் இதனை எழுதி, நாளிட்டுக் கையொப்பமிட்டுள்ளோம். அன்று பணிவோடு வந்து சொன்ன அம்மாணவர் இன்று எங்கிருந்தாலும் இதனைக் காண நேர்ந்தால், தம் ஆசிரியரைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.