ஆசான் கையில் உங்கள் முதுகு

நாகர்கோவிலில் பஸ் ஏறி தக்கலை, குலசேகரம் பக்கம் போனால், ரோட்டோரத்தில் 'வர்ம வைத்தியசாலை' போர்டுகள் கண்ணில் பட்டுக்கொண்டே வரும். தென்னையிலிருந்து விழுந்தவர் முதல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே இடுப்பைத் தொலைத்தவர் வரை இங்கே வருகிறார்கள்.

1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பூமி. அடிமுறை கற்றுத்தந்த ஆசானே அடிபட்டவனுக்கு வைத்தியமும் பார்த்தார். எங்கே தட்டினால் ஆள் சுருள்வான் என்று தெரிந்தவருக்குத்தானே, எங்கே தடவினால் எழுந்திருப்பான் என்பதும் தெரியும்! வர்மங்கள் 108 என்பது கணக்கு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96.

போனதும் எண்ணெய் வராது, கேள்விதான் வரும். "எப்பம் விழுந்தீரு? எந்தப் பக்கம்? சுகர் உண்டுமா?" எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். அப்புறம் வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, துண்டோடு படுக்க வேண்டியதுதான். வெதுவெதுப்பான எண்ணெய், கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை... சில இடங்களில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலாலும் உழிவார்கள். ஒரே நாளில் முடியாது. 7, 14 நாள் என்று நீளும். நடுவில் பத்தியம் வேறு. மீன் குழம்பு மணக்கும் ஊரில் மீனைத் தொடாதே என்றால் எப்படி இருக்கும்!

பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுப்பது வீரமில்லை. நல்ல ஆசான், "வலிச்சா சொல்லணும், கேட்டீரா?" என்பார். திடீரென்று கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, எலும்பு முறிவு சந்தேகம் என்றாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

ஒரு கேள்வியும் கேட்காமல் கழுத்தைத் திருப்ப வருகிறாரா? கொடுத்த காசு போனாலும் போகட்டும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கழுத்து ஒன்றுதான் இருக்கிறது!