கடல் வந்த வளவு

எங்கள் மருதமுனையில் வீடு பெண்ணுக்குரியது. தறியில் இருந்து உழைத்த வாப்பாமார் மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டி, சீதனமாக எழுதிக் கொடுத்த பிறகுதான் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். ஆகவே இங்கே ஒரு வீடு விலைப்படுகிறதென்றால், பெரும்பாலும் இன்னொரு பெண்ணுக்கு வீடு எழும்புகிறதென்றே அர்த்தம். ராத்தாவின் வீட்டை விற்க வேண்டி வந்ததும் அவவின் மகளுக்காகத்தான்.

கடற்கரைப் பக்கத்து வளவு அது. 2004 டிசம்பர் 26இல் கடல் அதற்குள்ளும் வந்து போனது. 2005இல் கிழக்குக் கரையோரத்தில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாதென்று அரசு சொன்னபோது எல்லைக்கு வெளியே தப்பிக்கொண்டது. பிறகு அந்தத் தடை தளர்ந்தது. 'கடல் வந்த ஊடு' என்ற பெயர்தான் தளரவில்லை.

தரகர் வந்தார். 80 இலட்சத்துக்கு ஆள் இருக்கிறது, நூற்றுக்கு 3 தனக்கு என்றார். "கடல் வந்த கதய எடுக்காதீங்க, வாங்குற ஆள் வெளியூர்" என்றும் சொன்னார்.

தரகர்களைக் கெட்டவர்களென்று எழுத எனக்கு மனமில்லை. சொந்தக்காரரிடம் நாம் வாய் திறந்து கேட்க முடியாத விலையை அவர்கள் கேட்பார்கள். கட்டாரில் இருக்கும் பிள்ளைக்கு இங்கே கண்ணும் காலுமாக நிற்பார்கள். தரகுக் கூலியில் குற்றமில்லை என்ற முன்னோர் சிலரின் கருத்தை புகாரி கிரந்தமே பதிவுசெய்திருக்கிறது. ஆனால் குறையை மறைத்து விற்க மார்க்கத்தில் இடமில்லை. கூலி கொடுத்துவிட்டால் அந்தப் பொறுப்பு தரகர் தலைக்குப் போய்விடுவதுமில்லை. உறுதியில் விழுவது ராத்தாவின் கையெழுத்து.

நாங்களே விற்பதென்று தீர்மானித்தோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும். தரகர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் செலவு அதேதான். உறுதியையும் அளவைப் படத்தையும் தேடியெடுத்து, காணிப் பதிவகத்தில் ஏடுகளைப் பார்ப்பித்தது பெரிய வேலையாகத் தெரியவில்லை. விலை பேசுவதுதான் பெரும்பாடு.

அடுத்த வளவு மச்சி கேட்டு வந்தா. அவவுக்கும் ஒரு குமர் இருக்கிறா. கடல் வந்த கதையை அவவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இப்போது கலியாணம் பேசியிருக்கும் எங்கள் பிள்ளையை, அன்று கைக்குழந்தையாக மதிலுக்கு மேலால் தூக்கியெடுத்தவ அவதான். அவவிடம் எப்படி விலை பேசுவது?

77 இலட்சம் என்றா. தரகுக் கூலியைக் கழித்துப் பார்த்தாலும் 60,000 ரூபாய் குறைவு. ராத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி மச்சி" என்றா.

அந்த 60,000 ரூபாயை ராத்தா இன்னும் மறக்கவில்லை. மகளின் புது வீட்டு வேலையைப் பார்க்கும்போதெல்லாம், "அதுக்கு ரெண்டு ஜன்னல் வந்திரிக்கும்" என்பா. ஆனால் அந்தப் பழைய வளவுக்குள் கேட்காமலே போய், தான் நட்ட மரத்தில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டும் வருவா.